தெரிந்தவர்களுக்கும் இதே ரேட்

செவ்வாய்க்கிழமை காலை மானஸா ரொட்டித் துண்டோடு சமையலறைக்குள் வந்தபோது, டோஸ்டர் மேசைமேல் பதினேழு துண்டுகளாகக் கிடந்தது. நேற்றுவரை நன்றாக ஓடிய டோஸ்டர். அதற்கு முன்னால், மூக்கு நுனியில் கண்ணாடியும் கையில் ஸ்க்ரூ டிரைவருமாக அப்பா உட்கார்ந்திருந்தார்.

"அப்பா! அது நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. ஆனா ரொட்டி மேல வர்றப்ப 'டக்'குன்னு ஒரு சத்தம் வந்துச்சு."

"எல்லா டோஸ்டரும் 'டக்'னுதாம்ப்பா சொல்லும்!"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்படியா?" என்றார். பதினேழு துண்டுகளையும் பார்த்தார். எது எங்கே இருந்தது என்று அவருக்கே இப்போது சந்தேகமாக இருந்தது.

போன வாரம் இதே கதி வாசல் மணிக்கு நேர்ந்தது. இப்போது ஒரு முறை அழுத்தினால் அது மூன்று முறை அடிக்கிறது. அதற்கு முந்தின வாரம் கழற்றிய சுவர்க்கடிகாரம் இன்னும் சுவருக்குத் திரும்பவே இல்லை.

அம்மா ஷ்யாமளா கார் சாவியைத் தேடிக்கொண்டே உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்ததும் நின்றாள்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்த வீட்டுல கழட்டாம மிச்சம் இருக்கறது நான் ஒருத்திதான். என்னை விட்டுடுங்க, எனக்கு எட்டரைக்கு லேப்ல மீட்டிங்!"

மானஸா அன்றைக்கு ரொட்டியைப் பச்சையாகவே தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

அப்பாவின் பெயர் நஞ்சுண்டன். கோயம்புத்தூர்க்காரர். நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் இருந்த ஒரு டெலிகாம் கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தார். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் கம்பெனியில் எல்லாரையும் வீடியோ காலுக்குக் கூப்பிட்டார்கள். மொத்தம் பத்து நிமிடம். அதில் எட்டு நிமிடம் "நீங்க மியூட்ல இருக்கீங்க" என்று யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த இரண்டு நிமிடத்தில் அப்பாவுக்கு வேலை போய்விட்டது.

அன்றிலிருந்து அப்பா தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்து வேலைக்கு அப்ளை பண்ணினார். அது பத்து மணிக்குள் முடிந்துவிடும். அப்புறம் நாள் நீண்டு கிடக்கும். சும்மா உட்கார்ந்தால் அவருடைய வலது கால் ஆட ஆரம்பித்துவிடும். கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் மானஸாவின் டம்ளர் ஆடும், தண்ணீர் தளும்பும். கணக்கு நோட்டில் அவள் போட்ட வட்டமெல்லாம் உருளைக்கிழங்காக வந்தது.

அன்று சாயங்காலம் மானஸா மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கீழே அப்பாவும் அம்மாவும் பேசுவது கேட்டது.

"ரிச்சர்ட்சன்ல இருந்து பழைய மேனேஜர், நம்மூர்க்காரரு, கூப்பிட்டாரு. டெக்ஸாஸ்ல ஒரு வருஷ கான்ட்ராக்ட். வீட்டுல இருந்து பண்ண முடியாது, அங்க வரணுங்கறாரு."

"நாங்க எப்படிங்க வர முடியும்? என் வேலை இங்க. இவ ஸ்கூல் இங்க."

"தெரியும். நான் மட்டும் போறேன். மாசம் ஒருக்கா பிளைட் புடிச்சு வந்துட்டுப் போறேன்."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "எப்ப சொல்லணும்?" என்று கேட்டாள்.

"மூணு வாரம் டைம் குடுத்திருக்காரு. மூணாவது திங்கட்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடறேன்னாரு."

மானஸாவின் விரலில் லேஸ் முடிச்சு விழுந்தது. மாதம் ஒரு முறை! அப்படியென்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை. காலையில் பஸ் நிறுத்தம்வரை கூட நடந்து வந்து, பஸ் திரும்பும்வரை கையாட்டிக்கொண்டே நிற்கும் அப்பா இல்லாமல் ஒரு வருடம். அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்குள் கோபமும் வந்தது. எதன்மேல் கோபம் என்று தெரியாததால் முடிச்சைப் பல்லால் கடித்தாள்.

அப்பாவின் காலாட்டம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. அடுத்த மூன்று நாளில் வகுப்பில் அவளுடைய மூன்று பென்சில்கள் கடிபட்டுச் செத்தன.

சனிக்கிழமை எடிசனில் தமிழ்ப் பள்ளி. அந்த வாரம் கார் ஓட்டும் முறை ஷஹீமாவின் அம்மா ரசியா பேகத்துடையது. வகுப்பு முடிந்து தோழிகள் இருவரும் பையை வைக்கக் காரின் பின்பக்கம் போனார்கள். டிரங்கில் பைக்கு இடமே இல்லை. ஒரு கிரைண்டர் உட்கார்ந்திருந்தது.

"இது எதுக்கு ஆன்ட்டி இங்க இருக்கு?"

"தூக்கிப்போடத்தாம்மா! டவுன்ஷிப் ரீசைக்கிள் சென்டர்ல போடலாம்னு வச்சேன்," என்றார் ரசியா ஆன்ட்டி. "போன வாரத்துல இருந்து உர்ருனு உறுமுது. சுத்த மாட்டேங்குது. ஊர்ல இருந்து மடியில வச்சுத் தூக்கிட்டு வந்தேன். இங்க யாரு இதை ரிப்பேர் பண்ணுவா?"

"உம்மா நேத்து அதுகூடப் பேசினாங்க. 'போய்ட்டு வா ராசா'ன்னு," என்றாள் ஷஹீமா.

"சும்மா இரு நீ!"

மானஸாவுக்கு வீட்டு மேசைமேல் கிடந்த டோஸ்டர் ஞாபகம் வந்தது. நன்றாக இருப்பதைக் கழற்றுவதற்குப் பதில், கெட்டுப்போனதையே கழற்றினால் என்ன?

"ஆன்ட்டி, தூக்கிப்போடாதீங்க. எங்கப்பாகிட்ட குடுங்க."

"ஐயோ, அவ்வளவு பெரிய இன்ஜினியர்! அவங்ககிட்டப் போய் கிரைண்டரையா குடுக்கறது?"

"அவர் கழட்டறதுக்கு இப்ப எங்க வீட்டுல எதுவுமே மிச்சம் இல்ல ஆன்ட்டி. ப்ளீஸ்."

வீட்டு வாசலில் கார் நின்றதும், "கோயம்புத்தூர்க்காரன் வீட்டுக்குக் கிரைண்டரே தேடி வந்திருச்சா!" என்று சொல்லிக்கொண்டே அப்பா அதைத் தூக்கி கராஜுக்குக் கொண்டுபோனார்.

கராஜில் ஒரு பழைய மேசை இருந்தது. கிரைண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினார். மானஸா எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இங்க பாரு கண்ணு. மாவு வழிஞ்சு உள்ள போயி, காய்ஞ்சு கல்லாயிருச்சு. பாவம், எப்படிச் சுத்தும்? பெல்ட்டும் தளர்ந்து கெடக்குது."

அப்பா பழைய டூத் பிரஷால் காய்ந்த மாவைச் சுரண்டி எடுத்தார். ஒரு கிண்ணம் நிறைய வந்தது. மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை ஒரு விரல் அகலம் நகர்த்தி மறுபடி முறுக்கினார். பெல்ட் இறுகிக்கொண்டது. அவர் மெதுவாக ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் மானஸாவின் தண்ணீர் டம்ளர் இருந்தது.

தண்ணீர் அசையவில்லை.

மானஸா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். அப்பாவின் வலது கால் சிமெண்ட் தரையில் சமர்த்தாக ஊன்றி நின்றது. ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு அந்தக் காலை அவள் இப்படிப் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் ரசியா ஆன்ட்டி வந்து கிரைண்டர் சுற்றுவதைப் பார்த்துக் கைதட்டினார். கைப்பையைத் திறந்தார். "எவ்வளவுங்க அண்ணா?"

"அட, என்னங்க நீங்க! தெரிஞ்சவங்ககிட்ட யாராச்சும் காசு வாங்குவாங்களா? எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் ஒரு டப்பா நிறைய வட்டலப்பம் வந்தது. தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் மணக்கும் அதை மானஸாவே பாதி தின்று தீர்த்தாள்.

ரசியா ஆன்ட்டி தமிழ்ப் பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போட்டார். அவ்வளவுதான். அந்த வாரம் வாசல் மணி ஓயவில்லை. அதுவும் மும்மூன்று முறை அடிக்கிற மணி ஆயிற்றே! அடியில் மாவு ஒழுகும் மிக்ஸி ஜார், கல் தேய்ந்து தடதடக்கும் கிரைண்டர், முறுக்கு மாவு பிசையப் போய்ப் பல்சக்கரம் உடைந்த மெஷின் என்று கராஜ் நிரம்பியது. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. எல்லா வீட்டுச் சமையலறையிலும் அவசரம்.

எதிர் வீட்டு பத்ரி அங்கிளும் வந்தார். அவர் வீட்டில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரை ஓட்ட கரண்டை இரட்டிப்பாக்கும் ஒரு கனமான டிரான்ஸ்பார்மர் பெட்டி உண்டு. ஊர்க் கரண்டுக்குப் பழகிய சாமானை அதில்தான் சொருகவேண்டும். எடிசனில் வாங்கிய அமெரிக்க மிக்ஸியை நேராகச் சுவரில் சொருகவேண்டும். அங்கிள் மிக்ஸியைப் பெட்டியில் சொருகிவிட்டார்.

"ஒரே செகண்ட்தான் நஞ்சுண்டன். ஹெலிகாப்டர் மாதிரி கத்துச்சு. சட்னி சீலிங்குல இருக்கு."

"மிக்ஸி?"

"இதோ."

அப்பா மோந்து பார்த்தார். நல்லவேளை, மோட்டார் முழுக்கக் கருகவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த மிக்ஸியும் ஓடியது. அங்கிள் காசை நீட்ட, அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொள்ள, இருவரும் கராஜைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடாத குறைதான்.

யாரிடமும் அப்பா காசு வாங்கவில்லை. அதனால் டப்பா டப்பாவாகத் தின்பண்டம் வந்தது. வந்த டப்பாவை வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கலாமா? கூடாதே! அம்மா லேபிலிருந்து வந்து ரவா லாடு பிடித்து, டப்பாக்களை நிரப்பி அனுப்பினாள். அவர்கள் அதற்குப் பதிலாக இன்னொரு டப்பா அனுப்பினார்கள்.

"ரிப்பேர் பண்றது நீங்க. கை வலிக்கறது எனக்கு. இது எந்த ஊர் நியாயம்?" என்றாள் அம்மா. ஆனாலும் சிரித்தாள். அப்பா ராத்திரி சாப்பிடும்போது நிறையப் பேசினார். டம்ளர்கள் அமைதியாக இருந்தன.

ஒரு வாரம். சரியாக ஒரே ஒரு வாரம்.

பிறகு மணி அடிப்பது நின்றுவிட்டது.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அப்பா கராஜைப் பெருக்கினார். பெருக்கிய கராஜை மறுபடியும் பெருக்கினார். வியாழக்கிழமை மானஸா பள்ளி விட்டு வந்தபோது மேசைமேல் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் டெக்ஸாஸ் போகும் பிளைட் பட்டியல். மேசை கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

மானஸா வாசலிலேயே திரும்பினாள். பையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். எங்கே போவது என்று தெரியவில்லை. உதிர்ந்து கிடந்த மேப்பிள் இலைகளை உதைத்துக்கொண்டே தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். எல்லா வீட்டு மிக்ஸியும் ஒரே வாரத்தில் திருந்திவிட்டதா என்ன?

எதிர் வீட்டு வாசலில் நீலக் குப்பைத்தொட்டி நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி எட்டிப்பார்த்தது. புத்தம் புதிய பெட்டி. அதன்மேல் மிக்ஸி படம்.

பத்ரி அங்கிள் தொட்டியை நகர்த்த வெளியே வந்தார். மானஸாவைப் பார்த்ததும் பெட்டிக்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டார். அங்கிள் ஒல்லி. பெட்டி இரண்டு பக்கமும் தெரிந்தது.

"புது மிக்ஸி வாங்கினீங்களா அங்கிள்? அப்பா ரிப்பேர் பண்ணது ஓடலியா?"

"சேச்சே! ராஜா மாதிரி ஓடிச்சும்மா. நான்தான்..." அங்கிள் கழுத்தைச் சொறிந்தார். "மறுபடியும் அந்தப் பெட்டியிலயே சொருகிட்டேன்."

"அப்ப அப்பாகிட்டயே கொண்டுவந்திருக்கலாமே!"

"எப்படிம்மா வர்றது? ஒருவாட்டி ப்ரீயா பண்ணிக் குடுத்தாரு. ரெண்டு நாள் உக்காந்து பண்ணாரு. மறுபடியும் போயி, 'சார், இன்னொருவாட்டி ப்ரீயா பண்ணுங்க'ன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? கூச்சமா இருக்காதா? காசு வாங்கிக்கிட்டார்னா நாலு தடவைகூட வருவேன்."

மானஸா அட்டைப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அங்கிள், இந்தப் பெட்டியை நான் எடுத்துக்கவா?" என்று கேட்டாள். "அப்புறம், கூச்சப்படாம குடுக்கறதுன்னா நீங்க எவ்வளவு குடுப்பீங்க?"

வெள்ளிக்கிழமை இன்னொரு சாட்சி கிடைத்தது. பள்ளியில் மதிய உணவு நேரத்தில் ஷஹீமா அவள் காதில் சொன்னாள்: "யாருகிட்டயும் சொல்லாத. எங்க வீட்டு க்ளாசட்ல கெட்டுப்போன மிக்ஸி ரெண்டு இருக்கு. இடியாப்ப மெஷினும் இருக்கு. உங்கப்பாகிட்ட கேக்க உம்மாவுக்கு வெக்கமா இருக்காம்."

அன்று சாயங்காலம் மானஸா மேசை முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

அம்மா நெற்றியில் தட்டிக்கொண்டாள். "அதான் ஓக் ட்ரீ ரோடு கடையில ரசியா என்னைப் பார்த்ததும் அரிசி மூட்டைக்குப் பின்னாடி போய்ட்டாங்களா! நான் என்ன தப்புப் பண்ணேன்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டிருக்கேன்."

"அப்பா, நீங்க காசு வாங்குங்க. அவங்க வருவாங்க. நீங்க டெக்ஸாஸ் போகவேண்டாம்."

டெக்ஸாஸ் விஷயம் அவளுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"அது அப்படி இல்ல கண்ணு," என்றார் அப்பா மெதுவாக. "எல்லாம் நம்ம சனம். அவங்க புள்ளைங்க உன்கூடப் படிக்குதுங்க. அவங்ககிட்டக் கை நீட்டிக் காசு வாங்கறதா? நாளைக்கு என்ன பேசுவாங்க? வேலை போனதும் நஞ்சுண்டன் மிக்ஸிக்கடை போட்டுட்டான்னு சொல்ல மாட்டாங்க?"

"போட்டா என்னப்பா?"

அப்பாவின் கால்தான் ஆடியது.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு விடுமுறை. மானஸா விடிந்ததும் எழுந்துவிட்டாள். படுத்திருக்க முடியவில்லை. பத்ரி அங்கிளின் மிக்ஸிப் பெட்டியை வெட்டி விரித்தாள். உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. தடித்த மார்க்கரால் ஒரு பாதியில் தமிழிலும் மறுபாதியில் ஆங்கிலத்திலும் எழுதினாள். தமிழ்ப் பாதி இப்படி இருந்தது:

மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர்
மிக்ஸி 25 டாலர்
கிரைண்டர் 40 டாலர்
சரியாகாவிட்டால் காசு வேண்டாம்
தெரிந்தவர்களுக்கும் இதே ரேட்

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். அட்டையைக் கொண்டுபோய் டிரைவ்வேயில், ஹாலோவீனுக்கு வாங்கி வைத்திருந்த பூசணிக்காய்மேல் சாய்த்து நிறுத்தினாள். இலைகள் பறக்கும் காற்றில் அது இரண்டு முறை விழுந்தது. மூன்றாம் முறை அட்டைக்குப் பின்னால் தன் புத்தகப்பையை முட்டுக் கொடுத்தாள். பிறகு அட்டையின் படம், வாட்ஸ்அப் குழுவில் போடும்படி ஒரு வரியோடு, அம்மாவின் போனிலிருந்து ஷஹீமாவுக்குப் பறந்தது. அம்மாவுக்குத் தெரியாமலா? தெரிந்துதான். அம்மா வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு அப்பா கதவைத் திறந்தார். அட்டையைப் படித்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"மானஸா!"

அப்பா அவளைக் கண்ணு என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம்.

"எடு அதை. இப்பவே எடு. யாராச்சும் பாத்தா மானம் போயிரும்."

"அரை மணி நேரம் இருக்கட்டும்ப்பா. யாரும் வரலேன்னா நானே எடுத்துடறேன். ப்ராமிஸ்."

"ஒரு நிமிஷம்கூட வேண்டாம்!"

அப்பா விறுவிறுவென்று நடந்து அட்டையைக் கையில் எடுத்துவிட்டார். அதே நேரம் ஒரு கார் வந்து டிரைவ்வேயில் திரும்பியது. ரசியா ஆன்ட்டியும் ஷஹீமாவும் இறங்கினார்கள். அப்பா அட்டையைப் பின்னால் மறைத்தார். அவசரத்தில் எழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி முதுகில் ஒட்டிக்கொண்டார். பின்னால் எதிர் வீட்டு வாசலில் நின்ற பத்ரி அங்கிள் அதை நிதானமாகப் படித்தார்.

"அண்ணா, எதுக்கு மறைக்கிறீங்க? போன்ல படம் வந்துடுச்சு," என்றார் ரசியா ஆன்ட்டி. "தெரிஞ்சவங்களுக்கும் இதே ரேட்டுன்னு படிச்சதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு! ஷஹீமா, டிரங்கைத் தொற."

டிரங்க் திறந்தது. இரண்டு மிக்ஸி, ஒரு இடியாப்ப மெஷின், யாருடையது என்று தெரியாத இன்னொரு கிரைண்டர்.

"இது எங்க பக்கத்து வீட்டுக்காரங்களோடது. அவங்க குஜராத்தி. உங்களைத் தெரியாது. தெரியாதவங்களுக்கு என்ன ரேட்டு?"

"அதே ரேட்தான் ஆன்ட்டி," என்றாள் மானஸா.

"நஞ்சுண்டன்!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. பத்ரி அங்கிள் பழைய மிக்ஸியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார். "முதல்ல என்னோடது. நான் பக்கத்துல இருக்கேன்!"

"வரிசையில வாங்க," என்றார் ரசியா ஆன்ட்டி.

அப்பா கையில் அட்டையோடு நடுவில் நின்றார். மூன்று நாளைக்கு முன்பு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்த ஆன்ட்டி இன்று அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பெட்டியை மறைத்த அங்கிள் மிக்ஸியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் கூச்சமே இல்லை. மிச்சமிருந்த ஒரே கூச்சம் அப்பாவிடம்தான் இருந்தது.

அவர் அட்டையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு குனிந்து பூசணிக்காய்மேல் அதை நேராக நிறுத்தி, புத்தகப்பையைச் சரியாக முட்டுக் கொடுத்தார்.

"காத்துல விழுந்துரும் கண்ணு. உள்ள என்னோட டேப் இருக்கு, கொண்டா," என்றார்.

முதல் காசை வாங்கும்போது, சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்தவர் மாதிரி அப்பா இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பிடித்தார். நாலாவது காசை ஒரே கையால் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு ரிச்சர்ட்சன் மேனேஜர் கூப்பிடுவார். மானஸா பஸ்ஸிலிருந்து இறங்கி வீடுவரை ஓடினாள். அம்மாவும் சீக்கிரம் வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆறு மாசம் பாருங்க," என்றாள் அம்மா. "என் சம்பளம் இருக்கு, இன்ஷூரன்ஸ் என் வேலையில இருக்கு. கொஞ்சம் இழுத்துப் புடிக்கணும், பண்ணிக்கலாம். ஆறு மாசத்துல சரிவரலேன்னா அப்ப வேற யோசிப்போம்."

"டவுன்ஷிப்ல பெர்மிஷன் வாங்கணும். கம்பெனி ரெஜிஸ்டர் பண்ணணும். பெல்ட்டு, கப்ளர் எல்லாம் கோயம்புத்தூர்ல இருந்து வரவழைக்கணும்," என்று அப்பா விரல்விட்டு எண்ணினார். "வீடு வீடாப் போயி அந்த டிரான்ஸ்பார்மர் பெட்டிமேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும். முதல்ல பத்ரி வீட்டுக்கு."

போன் அடித்தது. மானஸா தண்ணீர் டம்ளரை மேசை நடுவில் வைத்தாள். விளிம்புவரை ஊற்றியிருந்தாள்.

அப்பா பேசினார். எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார். நன்றி சொன்னார். பிறகு, "இல்லீங்க, நான் வரலீங்க. இங்க ஒரு பிசினஸ் ஆரம்பிச்சிருக்கேன்," என்றார். அந்தப் பக்கம் என்ன பிசினஸ் என்று கேட்டிருக்கவேண்டும். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலை உயர்த்திச் சொன்னார்: "மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேருங்க. உங்க வீட்டுல ஏதாச்சும் கெட்டுப்போய்க் கெடந்தா அனுப்புங்க!"

மானஸா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அப்பா போனை வைத்ததும் அம்மா எழுந்து உள்ளே போனாள். ஒரு தட்டை ஏந்திக்கொண்டு திரும்பி வந்தாள். அதில் டோஸ்டரின் பதினேழு துண்டுகள் இருந்தன.

"ஏங்க, மூணு வாரமா ரொட்டியைப் பச்சையாத் தின்னுட்டிருக்கோம். இதுக்கு என்ன ரேட்டு? நான் உங்களுக்கு ரொம்பத் தெரிஞ்சவ."

அப்பா மானஸாவைப் பார்த்தார். மானஸா அப்பாவைப் பார்த்தாள்.

"போர்டைப் படிச்சுட்டு வரிசையில நில்லும்மா," என்றாள் மானஸா. "உனக்கு முன்னாடி பத்ரி அங்கிள் இருக்கார்."